ஓசைக்கும் சாதியா?

தோற்கருவி இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று மிருதங்கம், மற்றொன்று பறை. இரண்டிற்கும் தோல் தந்தது கால்நடை. அத்தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டித் தந்தது உழைப்பாளியின் கை. ஆயினும் ஒன்று பட்டுறை போர்த்தி மேடையேறிற்று. மற்றொன்று ஊர்க்கோடியில் நிறுத்தப்பட்டது. முன்னதை நாதம் என்றனர், பின்னதைச் சத்தம் என்றனர். அதிர்வது ஒரே தோல். அதை ஏந்தி வருவது ஒரே காற்று. கேட்பது ஒரே செவி. செவிக்குத் தெரியாத வேற்றுமை சமுதாயத்திற்குத் தெரிந்தது எப்படி? மனிதனுக்குள் உயர்வு தாழ்வு வகுத்தவர்கள், அவன் எழுப்பும் ஓசையையும் விட்டுவைக்கவில்லை என்பதன்றி வேறென்ன விடை?

இசை எது, இரைச்சல் எது, இதைத் தீர்ப்பவர் யார்? இந்த வினாவை நம் செவிக்குள்ளேயே கொண்டுவந்து எழுப்பும் இசைத்தட்டு ஒன்று 2023ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவந்தது. ‘என்.ஐ.டி. டேப்ஸ்: இந்திய மின்னணு இசை 1969–1972’ என்பது அதன் பெயரின் தமிழாக்கம். இதில் பாட்டில்லை. பல்லவி இல்லை, அனுபல்லவி இல்லை. இராகத்தின் பெயர் சொல்லித் தலையாட்ட வழியில்லை. தாளம் போட்டுத் தொடை தட்டவும் பல இடங்களில் இடமில்லை. ‘இதைக் கேட்டு நமக்கென்ன ஆகப்போகிறது?’ என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கேள்வியோடு கேட்பதே நம் வழக்கம். விடை காண்போம்.

அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. துணியாலைச் செல்வர்களான சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கௌதம் சாராபாயும் கிரா சாராபாயும் அதனை வளர்த்தவர்கள். நாற்காலியும் எழுத்துருவும் கண்காட்சிக் கூடமும் வடிவமைக்கக் கற்பிக்கும் அந்த நிறுவனத்தில், 1969இல் ஓர் ஒலிக்கூடம் எழுந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அங்கு வந்து ‘மோக்’ என்னும் மின்னணு ஒலித்தொகுப்பியை நிறுவிக் கொடுத்தார். இராபர்ட் மோக் என்னும் பொறியியலார் 1964இல் நியூயார்க் மாநிலத்தில் உருவாக்கிய கருவி அது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அக்கருவியோடு மல்லாடி ஒலிநாடாக்களை நிரப்பினர். மூன்றே ஆண்டுகள். பிறகு அந்த முயற்சி அடங்கிற்று. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பறையில் உறங்கின. 2017இல் இலண்டன் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்தார். தூசி தட்டித் தொகுத்து உலகின் செவிக்கு வைத்தார்.

கருவி எப்படி வேலை செய்கிறது? இதனைத் தெரிந்துகொள்வது கேட்பதில் பாதி. ஓசை என்பது அதிர்வு. நொடிக்கு 440 முறை காற்று அதிர்ந்தால் ஒரு சுரம். 880 முறை அதிர்ந்தால் அதே சுரத்தின் மேல்தாயி. வீணையில் கம்பி அதிர்கிறது, நாகசுரத்தில் சீவாளி அதிர்கிறது, மோக் கருவியில் மின்னோட்டமே அதிர்கிறது. ஒரு பெட்டி அலையை எழுப்புகிறது; இன்னொரு பெட்டி அதில் வேண்டாத பகுதியை வடிகட்டுகிறது; மூன்றாவது பெட்டி அந்த ஓசை மெல்ல எழ வேண்டுமா, வெடித்தெழ வேண்டுமா என்று ஆள்கிறது. பெட்டிக்குப் பெட்டி கம்பி செருகி, மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓசையை வனையலாம். அதை நாடாவில் பதித்து, நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் சுரம் ஒரு தாயி மேலேறும், நேரம் பாதியாகும். வெட்டலாம், ஒட்டலாம், பின்னோக்கி ஓட்டலாம். ‘நாதப் பிரம்மம்’ என்று கண்மூடிச் சொன்ன பொருளைக் கண் திறந்து கையில் பிடித்துத் திருகிப் பார்த்தனர். இதிலே மந்திரமில்லை, வரமில்லை, முற்பிறவிப் பயனில்லை. அளவு உண்டு, ஆய்வு உண்டு, உழைப்பு உண்டு.

‘இது மேலைநாட்டார் கூத்து, நமக்கேன்?’ என்று சிலர் முகஞ்சுளிப்பர். அறிவுக்கு எல்லைக்கல் நடுவோர் வரலாற்றை ஒருமுறை புரட்டட்டும். பாரிசில் பியர் ஷேஃபர் புகைவண்டி ஓசைகளைப் பதித்து வெட்டி ஒட்டி ஒரு படைப்பாக்கியது 1948இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1944இல், எகிப்தின் கெய்ரோ நகரில் ஹலீம் எல்-தாப் என்னும் இளைஞர் கம்பிப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நடத்தும் பேயோட்டும் சடங்குக்குப் போனார். அங்கெழுந்த குரல்களைப் பதித்து, வானொலி நிலையத்துக் கூடத்தில் அவற்றின் அடியோசைகளை நீக்கிப் புதுப்படைப்பு ஒன்று செய்தார். பேய் வரும் என்று அஞ்சிய குரலில் ஓசை இருக்கிறது என்று கண்டவர் அவர்! பேய் போயிற்று, கலை பிறந்தது. இதனினும் சிறந்த பகுத்தறிவுப் பாடம் வேறுண்டோ?

நம் மண்ணிலும் இந்த நாட்டம் இல்லாமற் போகவில்லை. தஞ்சையில் மருத்துவம் புரிந்த ஆபிரகாம் பண்டிதர் 1912இல் இசைக்கெனச் சங்கம் கண்டார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டுக்குச் சென்று, சுருதி இருபத்திரண்டு என்று வழிவழியாய் ஓதி வந்ததைக் கணக்குக் காட்டி மறுத்தார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலாக அதனை வெளியிட்டார். அவருடைய முடிவை ஏற்பார் ஏற்க, மறுப்பார் மறுக்க. ‘முன்னோர் சொன்னார்’ என்பதோடு நில்லாமல், அளந்து பார்த்தார் அல்லவா? அந்த அளக்கும் மனமே அகமதாபாத்து ஒலிக்கூடத்தின் மூத்த உறவு. தொல்காப்பியர் ஐந்திணைக்கும் கருப்பொருள் வகுத்தபோது, நிலத்துக்கு நிலம் பறையும் வேறு, யாழும் வேறு என்று கண்டார். நிலத்தினின்றும் தொழிலினின்றும் ஓசை பிறக்கிறது என்னும் எண்ணம் தமிழனுக்கு இறக்குமதிச் சரக்கன்று.

இனி, தட்டைக் கேட்ட கதைக்கு வருவோம். மங்கலம்பேட்டையில் பதினைந்து தோழர்கள் கூடி, விளக்கைத் தணித்து, பேச்சை நிறுத்தி இதனைக் கேட்டோம். முதல் பத்து நிமிடங்களில் நால்வர் சிரித்தனர், இருவர் வெளியேறினர். மற்றவர்கள் அமர்ந்திருந்தோம். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் பணிபுரியும் தோழர் ஒருவர் இறுதிவரை அசையாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்: “இது தட்டிப் பாக்குற சத்தம் தோழரே. சரக்கு இனிமேதான் வரணும்.”

எத்துணைக் கூர்மை! சூளையிலிருந்து இறக்கிய பீங்கானைத் தட்டினால் கணீரென்று ஒலிப்பது வெந்த பொருள். மங்கி ஒலிப்பதில் விரிசல் ஒளிந்திருக்கும். கண் ஏமாறும் இடத்தில் செவி ஏமாறாது. சந்தையில் பானை வாங்கும் நம் தாய்மார்கள் எல்லாரும் விரல் கணுவால் தட்டி அல்லவா விலை பேசுகின்றனர்? ஓசையை வைத்து உண்மையை அறியும் கல்வி அவர்களிடம் இருக்கிறது. அதற்குப் பட்டம் தர எந்தச் சபாவும் முன்வந்ததில்லை, அவ்வளவே.

அத்தோழரின் தீர்ப்பில் பெரும்பகுதி சரி. இத்தொகுப்பிலுள்ள பல பதிவுகள் பயிற்சிகளே. புதுக் கருவி கைக்கு வந்த களிப்பில், இந்தத் திருகை முறுக்கினால் என்ன ஆகும் என்று பார்த்த விளையாட்டுகள். தொடக்கம் இருக்கிறது, முடிவு இல்லை. வியப்பு இருக்கிறது, வடிவம் இல்லை. ஜோஷிபுராவின் ‘விண்கலம் 2001’ அந்தக் காலத்தின் கனவைச் சொல்கிறது. 1969 சூலையில் மனிதன் நிலவில் கால் வைத்தான். கட்டடக்கலை பயின்ற இளைஞர் ஒருவர் விண்வெளியை ஓசையால் கட்ட முனைந்தது இயல்பே. எனினும் விண்கலம் என்றால் இப்படித்தான் இரையும் என்று திரைப்படங்கள் கற்பித்த பழக்கத்தை அதனால் முற்றும் உதற முடியவில்லை. விண்வெளியில் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் ஓசையில்லை. அந்த மௌனத்தை எண்ணியிருந்தால் அந்தப் படைப்பு இன்னும் உயர்ந்திருக்கும்.

சரக்காகவே வெந்து வந்தவையும் இல்லாமலில்லை. ஐ.எஸ். மாத்தூரின் ‘ஒருகாலத்தில் தம்புரா வாசித்தேன்’ என்பதன் பெயரே ஒரு கருத்துரை. கச்சேரியில் தம்புரா யாருக்கு? பாடகருக்குப் பின்னே அமர்ந்து, தனக்கென ஒரு சொல்லும் பேசாமல், மணிக்கணக்காய்ச் சுருதி கொடுத்துக்கொண்டிருக்கும் கருவி அது. அதை மீட்டுபவர் பெயரை அழைப்பிதழில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்? மாத்தூர் அந்தப் பின்னோசையின் நினைவை முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறார். பணியாள் எழுந்து நின்று பேசுவதுபோல் இருக்கிறது. அவருடைய ‘என் பறவைகள்’ இன்னொரு வகை இன்பம். கூவுவது குயிலன்று, மின்னோட்டம் என்று தெரிந்தும் செவி சிறகு தேடுகிறது. பொய் சொல்லாமல் மயக்கும் கலை இது. ‘நான் கருவிதான்’ என்று ஒப்புக்கொண்டே அது பறவையாகிறது.

எஸ்.சி. சர்மாவின் ‘நடன இசை’ப் பகுதிகள் நம் இளைஞர்களின் காலை ஆட்டுவித்தன. திரும்பத் திரும்ப வரும் தாளம், எந்திரத்தின் பிடிவாதம். 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டார் ஆலைகளின் நிழலில் வளர்ந்த கறுப்பின இளைஞர்கள் ‘டெக்னோ’ என்னும் இசையைப் படைத்தனர். அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே அகமதாபாத்தில் அதன் சாயல் எழுந்து, கேட்பாரின்றி அடங்கியது என்று எண்ணும்போது வியப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

கீதா சாராபாயைத் தனியே குறிப்பிட வேண்டும். பக்கவாஜ் என்னும் வடநாட்டு முழவு ஆடவர்க்கே உரியது என்றிருந்த காலத்தில் அதனைக் கற்று முழக்கிய முதற்பெண்களுள் ஒருவர் அவர். 1946இல் நியூயார்க் சென்று, அமெரிக்க இசைப் புரட்சியாளர் ஜான் கேஜைச் சந்தித்தார். அவர் இவருக்கு மேலை இசை கற்பித்தார், இவர் அவருக்கு இந்திய இசை கற்பித்தார். கட்டணமில்லை, கல்விக்குக் கல்வியே விலை. இசையின் நோக்கம் என்ன என்று கேஜ் கேட்டபோது, உள்ளத்தை அமைதிப்படுத்தித் தெய்வ அருளை ஏற்கத் தகுந்ததாக்குவது என்று தம் ஆசிரியர் சொன்னதை அவர் எடுத்துரைத்தார். கேஜின் வாழ்வில் அது ஆழப் பதிந்தது. 1952இல் அவர் அமைத்த படைப்பொன்றில், பியானோவின் முன் அமர்ந்த கலைஞர் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று நொடி ஒரு சுரமும் வாசிக்கவில்லை. அவையோர் அன்று கேட்டவை காற்றும் மழையும் தங்கள் முணுமுணுப்புமே. அன்று பியானோவின் முன் அமர்ந்திருந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் அகமதாபாத்துக்கு மோக் கருவி கொண்டுவந்த அதே டேவிட் டியூடர்!

உள்ளம் அமைதியுற வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அமைதியுற்றபின் அந்த உள்ளம் என்ன செய்ய வேண்டும் என்பதிலேதான் வழக்கு. அருளுக்காகக் காத்திருக்க வேண்டுமா? அக்கம்பக்கத்தைக் கேட்க வேண்டுமா? மங்கலம்பேட்டையில் இந்தத் தட்டு ஓய்ந்தபோது, உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் போகும் பேருந்தும், எங்கோ ஒரு மாவு ஆலையும், பக்கத்து வீட்டில் பாத்திரம் துலக்கும் கையும் முன்பு கேளாத தெளிவோடு கேட்டன. தெய்வம் கேட்கவில்லை, உழைப்புக் கேட்டது. கலைக்கு இந்த ஆற்றல் போதும் என்பது நம் துணிபு.

அங்கேதான் இத்தொகுப்பின் மேல் நாம் சாட்டும் பெருங்குறையும் இருக்கிறது. அகமதாபாத் ஆலை நகரம். ஆயிரமாயிரம் தறிகள் இரவும் பகலும் அதிர்ந்த ஊர். அந்தத் தறியோசை இந்த நாடாக்களில் எங்கே? புகைவண்டி ஓசையைப் பாரிசுக்காரர் கலையாக்கினார். தறியோசையைத் தறிகளுக்கு நடுவே இருந்தவர்கள் ஏன் கலையாக்கவில்லை? கருவி வந்த அதே 1969இல், செப்டம்பர் திங்களில், அகமதாபாத் மதக்கலவரத்தில் எரிந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவர்களில் பெரும்பாலோர் முசுலிம்கள். சர்மாவின் நாடாவொன்றிற்குப் ‘போருக்குப் பின்’ என்று பெயர் இருக்கிறது. ‘கலவரத்துக்குப் பின்’ என்று ஒன்றில்லை. கலைஞன் செய்தித்தாள் நடத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பறவைக்கும் விண்கலத்துக்கும் திறந்த செவி, பக்கத்துத் தெருவின் அழுகைக்கும் திறந்திருந்தால் இந்த முயற்சிக்கு வேர் பிடித்திருக்கும் என்கிறோம்.

வேர் பிடிக்காமைக்கு இன்னுமொரு காரணம் உண்டு. அதுல் தேசாய் 1970இன் ஒசாகா உலகக் கண்காட்சிக்கெனப் பதித்த ஒலிகள் இத்தொகுப்பில் உள்ளன. ஜப்பானில் கூடும் உலகத்தார்க்கென ஆக்கியவை அவை. உள்ளூர் மக்கள் கேட்க ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மதிலுக்குள் பிறந்த கலை மதிலுக்குள்ளே மடிந்ததில் வியப்பென்ன? இதற்கு நேர்மாறான காட்சியை நம் நாடு கண்டிருக்கிறது. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலிருந்து வந்த இளையராசா, 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்காகக் கணினியின் துணையோடு மின்னணு ஒலிகளைக் கோத்தார். அது தேநீர்க் கடைக்கு வந்தது, திருமணப் பந்தலுக்கு வந்தது, பேருந்துக்கு வந்தது. மக்கள் அதை ‘பரிசோதனை’ என்று அழைக்கவில்லை. பாட்டு என்று அழைத்தனர். பரிசோதனை மக்களிடம் வரும்போது அது வாழ்க்கையாகிறது. அறைக்குள் நிற்கும்போது ஆவணமாகிறது.

ஆயினும் ஆவணமாகவேனும் நின்றதே என்று மகிழ்வதும் நியாயம். நாடாவை யாரோ பெயரெழுதி அடுக்கி வைத்திருந்தனர். அதனால் அரை நூற்றாண்டுக்குப் பின் ஒருவர் வந்து எடுக்க முடிந்தது. நம் ஊர்ப் பறைக் கலைஞரின் அடிகளை, கூத்தரின் குரலை, நடவுப் பாட்டை, சூளையின் ஓசையை யார் பெயரெழுதி அடுக்கி வைத்திருக்கிறோம்? ஒலித்தொகுப்பி ஒரு நிறுவனத்தின் சொத்தாயிருந்த காலம் போயிற்று. இன்று பதிவுக் கருவி ஒவ்வோர் இளைஞனின் சட்டைப் பையிலும் கைப்பேசியாய் இருக்கிறது. கருவியின்மை என்னும் சாக்கு இனிச் செல்லாது.

இதே கடலூர் மாவட்டத்து அண்ணாமலைநகரில் 1941இல் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ் பாடவும் போராட வேண்டியிருந்தது. அது நாவின் உரிமைக்கான போர். இனி நடக்கவேண்டியது செவியின் உரிமைக்கான போர். எந்த ஓசை மேடைக்குரியது, எந்த ஓசை சேரிக்குரியது என்று பிறர் எழுதிவைத்த பட்டியலை நம் செவியிலிருந்து கிழித்தெறிய வேண்டும். அகமதாபாத்தின் ஐவர் அந்தப் பட்டியலின் ஒரு மூலையைக் கிழித்தனர். மீதியைக் கிழிக்க அவர்கள் எண்ணவில்லை.

ஆகவே, தோழர்களே, இத்தட்டைக் கேளுங்கள். தனியே கேட்காதீர்கள், படிப்பகத்தில் கூடிக் கேளுங்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும், வெளியேறுபவர் வெளியேறட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். கேட்டு முடித்தபின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரைக் கேட்கப் போங்கள். பறையடிக்கும் தோழரிடம் சென்றால் அவர் இசைவைப் பெற்றுப் பதியுங்கள். பதிவில் அவர் பெயரை முதலில் எழுதுங்கள். தட்டிப் பார்த்தது போதும் என்று அந்தச் சூளைத் தோழர் சொல்லும் நாள் வரவேண்டும். சரக்கு நம்மிடமிருந்துதான் வரவேண்டும்.